தோட்டாவிலிருந்து தொடங்குங்கள்: 1930-இல் ஒரு சின்ன நாட்டுக்குப் படை ஆயுதம் தேர்ந்தெடுப்பது எப்படி

என் அக்கா மகன் மேசைமேல் வரைபடம் விரித்துப் போர் ஆட்டம் ஆடுகிறவன். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அதற்குப் படை அமைக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் முதல் பாதி. அவனுக்கு ஃபின்லாந்து வந்திருந்தது, ஆண்டு 1930. "மாமா, நீங்க காலாட்படையிலதானே இருந்தீங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினான்.

பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைபிள், செக்கோஸ்லோவாக்கியாவின் இசட்பி 26 எல்எம்ஜி (ஒருவர் தூக்கக்கூடிய இலகு இயந்திரத் துப்பாக்கி), அமெரிக்கத் தாம்சன் சப்மெஷின் கன் (பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் துப்பாக்கி), எட்டு வகைக்கு எட்டு ஆயுதம். ஒவ்வொன்றும் அதன் வகையில் நல்ல ஆயுதம்தான். ஆனால் ரைபிளுக்கு .303 அங்குலம், எல்எம்ஜிக்கு 7.92 மி.மீ., தாம்சனுக்கு .45 அங்குலம் என்று ஒரே பிளாட்டூனுக்குள், அதாவது முப்பது நாற்பது பேருக்குள், மூன்று வகைத் தோட்டா. இருபத்திரண்டு வருடம் படையில் இருந்தவன் நான், அதில் பாதிக்கு மேல் மோர்ட்டார் (குண்டை உயர வளைத்து எறியும் குழாய்) பிளாட்டூனில். இரவில் பனியில் ஏறி வரும் கோவேறு கழுதையின் முதுகில் தவறான பெட்டி வந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் குறுக்கே கோடு போட்டுவிட்டு அவனோடு உட்கார்ந்தேன். அன்று அவனுக்குச் சொன்னதை, இதே மாதிரி ஆட்டம் ஆடுபவர்களுக்கும் அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுபவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, கிடங்கைத் திறந்து பாருங்கள். புது நாட்டுக்கு ஆயுதம் வாங்கும்போது எந்தத் துப்பாக்கி நல்லது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். கையில் எந்தத் தோட்டா எத்தனை இருக்கிறது, அதை யார் செய்து தருவார்கள் என்பதே முதல் கேள்வி. ஃபின்லாந்து 1917 டிசம்பரில் ரஷ்யாவிடமிருந்து பிரிந்தது. 1918 உள்நாட்டுப் போர் முடிந்தபோது ரஷ்யர்கள் விட்டுப்போன மோசின்-நாகன் ரைபிள்களும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளும் நிறையவே அவர்கள் கையில் இருந்தன. எல்லாம் 7.62 மி.மீ., அடியில் விளிம்பு வைத்த ரஷ்யத் தோட்டா. ஜெர்மன் மவுசர் தோட்டா அதைவிடச் செப்பமான வடிவம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஃபின்லாந்து ரஷ்யத் தோட்டாவையே வைத்துக்கொண்டது. இன்னொரு ஆதாயமும் இருந்தது. சண்டை என்று வந்தால் எதிரி ரஷ்யாதான், எதிரியிடம் பிடித்த தோட்டா நம் துப்பாக்கியிலும் போகும். 1939-இல் சோவியத் ரஷ்யாவோடு பனிக்காலப் போர் வந்தபோது அப்படித்தான் நடந்தது.

பணக்கார நாட்டுக்கும் இதே கணக்குதான். அமெரிக்கர்கள் கேரண்ட் ரைபிளை முதலில் .276 என்ற சின்னத் தோட்டாவுக்குத்தான் தயார் செய்து வைத்திருந்தார்கள், மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) பத்து ரவுண்டு. 1932-இல் தலைமைத் தளபதியாக இருந்த மெக்கார்தர், பழைய .30 தோட்டா கிடங்கு கிடங்காகக் கிடக்கிறது, மாற்ற முடியாது என்று நிறுத்திவிட்டார். 1936-இல் கேரண்ட் பழைய தோட்டாவோடு, எட்டு ரவுண்டோடு படைக்கு வந்தது. இத்தாலி எதிர்த்திசையில் போனது. 6.5 மி.மீ. தோட்டாவை விட்டு 1938-இல் 7.35 மி.மீ.க்கு மாறத் தொடங்கி, 1940-இல் போருக்குள் இறங்கும்போது பாதி வழியில் திரும்பி, பழையதற்கே வந்தது. ஜப்பானும் சீனாவில் போர் நடக்கும்போதே 6.5-இலிருந்து 7.7-க்கு மாறப்போய், இரண்டு வகைத் தோட்டாவையும் கடைசிவரை கப்பலில் ஏற்றிக்கொண்டே இருந்தது. மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாறினால் முழுதாக முடிக்கப் பத்து வருடமாவது அமைதி வேண்டும், அந்தப் பத்து வருடம் கிடைக்குமா என்று உங்கள் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாறுவதில் பிரான்சு பட்ட ஒரு பாட்டையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய பழைய 8 மி.மீ. லெபல் தோட்டா கூம்பாகச் சரியும். அதை மேகசினில் அடுக்கினால் அரைவட்டமாக வளையும், முதல் போரின் ஷோஷா எல்எம்ஜி மேகசின் அப்படி இருந்ததற்கு அதுதான் காரணம். 1924-இல் 7.5 மி.மீ. புதுத் தோட்டா கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் அது ஜெர்மன் 7.92 தோட்டாவைப் பார்க்க அப்படியே இருந்தது. படையிலோ பிடிபட்ட ஜெர்மன் தோட்டாக்களும் புழங்கின. அதை மாற்றிப் போட்டுச் சுட்டதில் விபத்துகள் நடந்தன, கடைசியில் 1929-இல் தோட்டாவின் நீளத்தையே குறைத்தார்கள். ஆகவே புதுத் தோட்டா தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், படையில் ஏற்கெனவே இருக்கும் எந்தத் தோட்டாவும் தவறுதலாகத் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழையக் கூடாது. இருட்டில், கையுறையோடு எடுப்பவனை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, தொழிற்சாலை. உங்கள் நாட்டில் என்ன கடைசல் இயந்திரம் இருக்கிறது? போலந்து விடுதலை பெற்றபோது மூன்று பேரரசுகளின் துப்பாக்கிகள் அதன் படையில் கலந்து கிடந்தன, பிரெஞ்சுத் துப்பாக்கிகள் வேறு. டான்சிக் நகரின் ஜெர்மன் ரைபிள் தொழிற்சாலை இயந்திரங்கள் அதன் பங்குக்கு வந்தன. மவுசர் ரைபிள், 7.92 தோட்டா என்று போலந்து தீர்மானித்ததில் அந்த இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபின்லாந்தோ முழு ரைபிள் செய்யவே முயலவில்லை. பழைய ரஷ்ய ரைபிளின் உடலை எடுத்து, அதில் புதுப் பேரல் (குண்டு வெளியேறும் குழல்) மாட்டியது. துப்பாக்கியில் குறியைத் தீர்மானிப்பது பேரல்தான், கையிலிருந்த காசை அதில் போட்டார்கள். படைக்கு எம்/27 என்றும், தன்னார்வக் காவல்படைக்கு எம்/28 என்றும் இரண்டு தனித்தனி ரைபிள்கள் வந்ததுதான் எனக்கு வருத்தம். சின்ன நாட்டுக்கு இரண்டு வடிவம் எதற்கு? இரண்டையும் சேர்த்து எம்/39 என்று ஒன்றாக்க அவர்களுக்குப் போர் வாசல்வரை வர வேண்டியிருந்தது.

வெளியில் வாங்குவதாக இருந்தால் பரிசோதிக்க உங்கள் ஆளை அங்கேயே உட்கார வையுங்கள். பராகுவே 1927 மாதிரி மவுசர்களை ஸ்பெயினில் செய்து வாங்கியது. பொலிவியாவோடு சாக்கோ போர் நடந்தபோது, சுடுகிறவனையே காயப்படுத்துகிறது என்று சொல்லி அவர்களுடைய வீரர்களே அதற்கு 'மாட்டா பராகுவாயோஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பராகுவேக்காரனைக் கொல்வது என்று பொருள். அந்தப் பெயர் ஒரு படைக்குள் பரவிய பிறகு, துப்பாக்கி உண்மையில் எவ்வளவு மோசம் என்பது இரண்டாம்பட்சம். வீரன் கன்னத்தை அதில் பதிக்க மாட்டான். கன்னம் பதியாவிட்டால் குறி கிடையாது.

சரி, ரைபிளுக்கு வருகிறேன். இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். அந்தக் காலத்து போல்ட் ரைபிள்களில் (ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டியவை) ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. லீ-என்ஃபீல்டில் பத்து ரவுண்டு, போல்ட் ஓட்டம் வேகம். மற்றவற்றில் பெரும்பாலும் ஐந்து. பார்க்க வேண்டியது சைட், அதாவது குறி பார்க்கும் அமைப்பு. ரஷ்ய ரைபிளின் பின் சைட்டில் தூரம் அர்ஷின் என்ற பழைய அளவில் இருந்தது, ஓர் அர்ஷின் ஏறக்குறைய 71 செ.மீ. ஃபின்லாந்துக்காரர்கள் அதை மீட்டருக்கு மாற்றிக் குறித்தார்கள். புது ரைபிள்களில் முன் சைட்டுக்கு இரண்டு பக்கமும் காது வைத்துப் பாதுகாத்தார்கள். எம்/28-30-இல் இன்னும் நல்ல சைட் வைத்தார்கள். ஃபின்லாந்தின் பேர்பெற்ற குறிசுடும் வீரர் சிமோ ஹாய்ஹா அந்த ரைபிளில், தொலைநோக்கி இல்லாமல், வெறும் இரும்பு சைட்டில்தான் பனிக்காலப் போரில் சுட்டார். கண்ணாடி பனியில் மங்கும், தலையையும் கூடத் தூக்க வேண்டும். ஆட்டத்தில் உங்களிடம் கொஞ்சம் காசு மிச்சமிருந்தால் புது ரைபிள் வாங்காதீர்கள். பழையதற்குப் பேரலும் சைட்டும் மாற்றி, மீதியைப் பயிற்சித் தோட்டாவுக்குப் போடுங்கள்.

உண்மையான தேர்வு எல்எம்ஜியில்தான் இருக்கிறது. 1920-களில் ஒரு செக்‌ஷன் (பத்துப் பேர் அளவிலான சிறு குழு) என்பதே அந்த ஒரு துப்பாக்கியைச் சுற்றி அமைவதாக மாறிவிட்டது. ரைபிள்காரர்கள் அதைக் காக்கவும் அதற்குத் தோட்டா சுமக்கவும் இருந்தார்கள். இங்கே தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

பார்க்க வேண்டியதில் முதலாவது, மேகசின் எங்கே மாட்டுகிறது என்பது. அமெரிக்காவின் பிஏஆர் என்ற தானியங்கி ரைபிளில் கீழே. போலந்து அதையே 7.92-இல் வாங்கித் தானும் செய்தது. அது நல்ல துப்பாக்கிதான். ஆனால் தரையோடு படுத்திருப்பவன் கீழிருந்து மேகசினை உருவி மாட்ட வேண்டும், அதுவும் இருபது ரவுண்டுதான். செக் இசட்பி-இல் மேகசின் மேலே நிற்கும். நான் பயன்படுத்தியது அதே வம்சத்து எல்எம்ஜி. பிரிட்டிஷார் 1930-களின் தொடக்கத்தில் பல துப்பாக்கிகளைச் சோதித்து இசட்பி-யைத் தேர்ந்தெடுத்து, .303-க்கு மாற்றி, பிர்னோ, என்ஃபீல்டு இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து பிரென் என்று பெயர் வைத்தார்கள். இந்திய ராணுவம் அதைப் பிறகு விளிம்பில்லாத 7.62 தோட்டாவுக்கு மாற்றி நெடுங்காலம் வைத்திருந்தது. அதில் நம்பர் ஒன் சுட்டுக்கொண்டிருப்பான், நம்பர் டூ இடப்பக்கம் படுத்திருப்பான். மேகசின் காலியானதும் நம்பர் ஒன் கண்ணை சைட்டிலிருந்து எடுக்கத் தேவையில்லை. பக்கத்துக் கை மேலே வரும், பழையது போகும், புதியது தட்டி உட்காரும். சொல்லவே நேரமாகாது. பேரல் சூடாகிவிட்டால் ஒரு லாட்சைத் தூக்கிக் கைப்பிடியைப் பிடித்து அப்படியே கழற்றி மாற்றலாம். சுடும்போது எழும் வாயு எவ்வளவு உள்ளே போகும் என்பதை அளவிடும் கேஸ் ரெகுலேட்டரில் நான்கு துளை. புகைக்கரி படிந்து துப்பாக்கி திணறினால் ஒரு துளை பெரிதாக்கிவிட்டுத் தொடர்ந்து சுடலாம். கரி துடைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தாலியின் பிரெடா 30-ஐ இதோடு ஒப்பிடுங்கள். மேகசின் துப்பாக்கியோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாது. இருபது ரவுண்டை ஒரு பட்டையால் உள்ளே தள்ள வேண்டும். அந்த மேகசின் நெளிந்துவிட்டால் துப்பாக்கியே முடிந்தது. தோட்டாவுக்கு எண்ணெய் தடவும் ஓர் அமைப்பு வேறு உண்டு, மணலில் அது அரைத்த மாவாகிவிடும். ஜப்பானின் டைப் 11-இலும் எண்ணெய்தான். அதில் ரைபிளின் ஐந்து ரவுண்டு கிளிப்புகளையே ஆறு அடுக்கிச் சுடலாம், தனி மேகசினே வேண்டாம் என்று யோசித்துச் செய்தார்கள். தாளில் படிக்க அருமையான யோசனை. தூசி உள்ள இடத்தில் அந்தத் திறந்த பெட்டி குப்பைத் தொட்டி மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். தோட்டாவுக்கு எண்ணெய் தேவைப்படும் எந்த எல்எம்ஜியையும் வாங்காதீர்கள்.

ஃபின்லாந்து தன் ஊரிலேயே செய்த லாட்டி-சலோரன்டா எம்/26 குறி தவறாத துப்பாக்கி. நெருக்கமாகப் பொருந்தும் பாகங்கள், நல்ல கைவேலை. போரில் அந்த நெருக்கமே எதிரியானது. கடுங்குளிரில், அழுக்கில் அடைத்துக்கொண்டது. பிரித்துத் துடைக்கவும் சிரமம். ரஷ்யர்களிடம் பிடித்த டெக்தியாரேவ் எல்எம்ஜி கிடைத்தவர்கள் தங்களுடையதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டார்கள். தட்டையான வட்ட மேகசின், பாகங்கள் குறைவு, எதுவும் இறுக்கமில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே விரலில் தெரிந்துகொண்டேன். ஒரு குளிர்காலம் மேலே உயரத்தில் இருந்தோம். காலையில் எல்எம்ஜியின் காக்கிங் கைப்பிடியை இழுத்தால் தேன் பாட்டிலுக்குள் கரண்டியை இழுப்பது மாதிரி மெதுவாக வந்தது. எண்ணெய் கெட்டியாகிவிட்டது. எங்கள் சீனியர் ஹவில்தார், தமிழர், "துடைடா, சொட்டு எண்ணெய் இல்லாம துடை" என்றார். கையுறையைக் கழற்றினால் இரும்பில் விரல் ஒட்டும், கழற்றாவிட்டால் சின்னப் பின்னைப் பிடிக்க முடியாது. அன்று நான் பனியில் தவறவிட்ட ஒரு பின்னைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஆயுதத்தை எடைபோடும்போது இந்தச் சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தடித்த கையுறை போட்டவன் பிரிக்க முடியுமா, கீழே விழுந்தால் தொலையும் அளவுக்குச் சின்னப் பாகம் எத்தனை?

ஃபின்லாந்துக்கு இசட்பி வாங்கலாமே என்று அக்கா மகன் கேட்டான். வாங்கலாம், ஆனால் ரஷ்யத் தோட்டாவுக்கு விளிம்பு உண்டு. மேகசினில் ஒரு விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் அடைக்கும். .303-க்கும் அதே விளிம்புதான். அதைச் சரிசெய்துதான் பிரெனின் மேகசின் வளைந்தது, அதற்குச் சில வருட வேலை பிடித்தது. ஆகவே 1930-இல் தொடங்கினால் 1935-க்குள் கையில் வரும் என்று கணக்கு வைத்தேன். ஆட்டத்தில் அதற்கு அனுமதி உண்டு.

சப்மெஷின் கன் அன்று ராணுவங்கள் மதிக்காத ஆயுதம். தாம்சன் ஒன்று இருநூறு டாலர். ஐமோ லாட்டி வடிவமைத்த சுவோமி எம்/31 அதே மாதிரி கடைசலில் செதுக்கிச் செய்யும் விலை உயர்ந்த சாமான். 1939 நவம்பர் 30 அன்று போர் தொடங்கியபோது ஃபின்லாந்துப் படையில் ஏறக்குறைய நாலாயிரம்தான் இருந்தன. அது எல்எம்ஜிக்கு மாற்று என்று நினைத்துத்தான் முதலில் கொடுத்தார்கள். காட்டுக்குள், இருபது முப்பது மீட்டரில் சண்டை நடந்தபோதுதான் எழுபது ரவுண்டு டிரம்மோடு அது எதற்குப் பிறந்தது என்று தெரிந்தது. சோவியத் படையோ தன்னிடமிருந்த சப்மெஷின் கன்னை 1939-இல் தேவையில்லை என்று ஒதுக்கி, இந்தப் போரில் அடி வாங்கிய பிறகு அவசரமாகத் திரும்ப எடுத்தது. உங்கள் வரைபடம் காடும் ஊருமாக இருந்தால் செக்‌ஷனுக்கு ஒன்று. வெட்டவெளி என்றால் அந்தக் காசு எல்எம்ஜிக்கு. தோட்டா 9 மி.மீ., பிஸ்டலுக்கும் அதுவே. அவ்வளவுதான், இரண்டாவது தோட்டா இதற்கு மட்டும் அனுமதிக்கலாம்.

கனரக இயந்திரத் துப்பாக்கிக்குப் பழைய மாக்சிம் போதும், புதிது வாங்க வேண்டாம். ஃபின்லாந்து எம்/32-33-இல் தண்ணீர் ஊற்றும் வாயை அகலமாக்கியது, தண்ணீர் கிடைக்காத இடத்தில் பனியையே அள்ளித் திணிக்கலாம். சோவியத் படை பிறகு அதைத் தன் மாக்சிமிலும் வைத்தது.

இனி மோர்ட்டார். என் சொந்த இடம்.

1915-இல் பிரிட்டனின் வில்ஃபிரட் ஸ்டோக்ஸ் கொண்டுவந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை: ஒரு குழாய், அதைத் தரையில் ஊன்றும் அடித்தட்டான ஒரு பேஸ் பிளேட், முன்னால் தாங்கும் இருகால் பைபாட் ஒன்று. பிரான்சின் எட்கர் பிரான்ட் அதற்கு வால் இறகு வைத்த, கண்ணீர்த்துளி வடிவக் குண்டைக் கொடுத்தார். குண்டு உருளாமல் நேராகப் போனது, தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. 1930-களில் போலந்து, ஃபின்லாந்து, இத்தாலி, அமெரிக்கா என்று பாதி உலகம் பிரான்டின் 81 மி.மீ. வழியில்தான் போனது. மூன்றே கால் கிலோ குண்டு, இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் வீச்சு, மொத்த எடை அறுபது கிலோ. மூன்று பேர் ஆளுக்கு இருபது கிலோவாகத் தூக்கிவிடலாம். பிரிட்டிஷ் 3 அங்குல மோர்ட்டார் தொடக்கத்தில் 1,600 கெஜம்தான் போனது. 2,400 மீட்டர் போகும் ஜெர்மன் மோர்ட்டாருக்கு எதிரில் அது மிகவும் கஷ்டப்பட்டது.

பட்டாலியனுக்கு, அதாவது பல பிளாட்டூன்கள் சேர்ந்த பெரும் பிரிவுக்கு, 81 மி.மீ. வேண்டும். இதில் பேரமே இல்லை. ஆட்டத்தில் பீரங்கிக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சம் வெட்டி இதற்குக் கொடுங்கள். குழாய் செய்யத் தெரிந்த எந்த நல்ல பட்டறையும் இதைச் செய்யும். ஃபின்லாந்தில் டம்பெல்லா என்ற நிறுவனம் செய்தது.

பிளாட்டூனுக்கு 50 மி.மீ. அளவில் லேசானது வேண்டுமா என்பதில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். ஜெர்மனியின் 5 செ.மீ. மோர்ட்டார் 14 கிலோ, திருகும் நுண்ணளவுமாக அழகான வேலை, ஆனால் ஒரு கிலோகூட வராத குண்டை ஐந்நூறு மீட்டருக்கு எறிந்தது. 1941-இல் செய்வதை நிறுத்தினார்கள். இத்தாலியின் பிரிக்சியா 45 மி.மீ. இன்னும் சிக்கல், பதினைந்து கிலோவுக்கு மேல், குண்டோ அரைக் கிலோ அளவு. ஜப்பானின் டைப் 89 மட்டும் இதை ஒழுங்காக யோசித்தது: ஐந்து கிலோவுக்கும் குறைவு, ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடலாம், 670 மீட்டர் வீச்சு. அதன் வளைந்த அடித்தட்டைப் பார்த்து நேச நாட்டு வீரர்கள் 'முழங்கால் மோர்ட்டார்' என்று பெயர் வைத்தார்கள். தொடையில் வைத்துச் சுட்டவனுக்கு எலும்புதான் முறியும், தரையில்தான் ஊன்ற வேண்டும். பிரிட்டிஷ் 2 அங்குலமும் அதே எடை. குண்டைப் போட்டுவிட்டு ஒரு நெம்புகோலைத் திருகிச் சுடுவதால் தாழ்வாகவும் சாய்த்துச் சுடலாம். எங்கள் காலத்து 51 மி.மீ. அதன் பிள்ளை. அதில் நாங்கள் அதிகம் சுட்டது புகைக் குண்டு. வெட்டவெளியைக் கடக்க வேண்டிய ஒரு செக்‌ஷனுக்கு, தலைக்கு முன்னால் எழும் அந்த வெள்ளைச் சுவர் என்ன அர்த்தம் என்பது அதற்குப் பின்னால் ஓடியவனுக்குத் தெரியும். ஆகவே வாங்கினால் ஐந்து கிலோவுக்குள் வாங்குங்கள், பெட்டியில் பாதி புகைக் குண்டாக வையுங்கள்.

இடத்தையும் பாருங்கள். காட்டில் மோர்ட்டார் வைத்தால் குழாய்க்கு மேலே வானம் தெரிய வேண்டும். ஒரு கிளையில் பட்டால் குண்டு உங்கள் தலைக்கு மேலேயே வெடிக்கும். ஆழமான பனியில் பேஸ் பிளேட் ஒவ்வொரு சுடலுக்கும் புதையும், எதிர்முனையில் விழும் குண்டின் சில்லுகளையும் பனி விழுங்கிவிடும். அடியில் மரக்கிளை அடுக்கி, மண்மூட்டை போட்டு உட்கார வைப்போம்.

குண்டு சுடாமல் குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டதை ஒருமுறை நானே இறக்கியிருக்கிறேன். கொஞ்ச நேரம் காத்திருந்து, குழாயைத் தளர்த்தி, ஒருவன் அடியை மெதுவாகத் தூக்க, நான் வாயருகே இரண்டு கையையும் வளையமாக வைத்து நின்றேன். உள்ளே இரும்பு சறுக்கி வரும் சத்தம் கேட்கும். மூக்கு கையில் படும் வரை மூச்சு விடவில்லை. அந்தப் பெட்டிக் குண்டுகளின் பிரைமர் (தட்டினால் தீப்பற்றி மருந்தைக் கிளப்பும் சிறு மூடி) ஈரம் பட்டிருந்தது. மோர்ட்டார் வாங்கும் காசை எண்ணும்போது, குண்டுப் பெட்டிக்கு ஈரம் புகாத மூடியையும் சேர்த்து எண்ணச் சொல்வது அதனால்தான்.

திருத்திய தாளை அவன் மறுபடி கொண்டு வந்தான். பேரல் மாற்றிய மோசின், விளிம்புத் தோட்டாவுக்கு மாற்றிய இசட்பி, பழைய மாக்சிம், செக்‌ஷனுக்கு ஒரு சுவோமி, பட்டாலியனுக்கு 81 மி.மீ. எல்லாம் சரி. மோர்ட்டாருக்கு எதிரே குழாய் எண்ணிக்கை இருந்தது, குண்டு எண்ணிக்கைக் கட்டம் காலி. 1939-இல் ஃபின்லாந்தின் நிஜமான கதையும் அதுதான், பீரங்கிக் குண்டு கையிருப்பு வாரக் கணக்கில்தான் இருந்தது. குழாயைப் பாதியாக்கி அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னேன். நிரப்பினான். அப்புறம் அவனே பென்சிலால் ஓரத்தில் இன்னொரு கட்டம் வரைந்து, ஒவ்வொரு ஆயுதத்துக்கும் நேரே அதை யார் இழுப்பது என்று எழுதத் தொடங்கினான். மாக்சிமுக்கும் மோர்ட்டாருக்கும் 'அக்கியோ' என்று எழுதினான். பனியில் ஆளே இழுத்துப் போகும் படகு மாதிரியான சறுக்குவண்டி அது, ஃபின்லாந்துக்காரர்கள் கனமான சாமான்களையும் காயப்பட்டவர்களையும் அதில்தான் இழுத்தார்கள். "ஒரு பட்டாலியனுக்கு எத்தனை வேணும் மாமா?" என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் மோர்ட்டாரிலிருந்து எண்ண ஆரம்பித்தோம்.